காரணம் தெரியாத பக்கவாதம்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு மஃரிப் தொழுகைக்குப் பின் நடத்திய குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, விடுமுறையில் ஊர் வந்திருக்கும் தம்பிமார்களே! இந்த மழைநேரத்திலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மதரஸாவில் ஓதியவன், கல்லூரியில் படித்தவன், இப்போது இந்த அறக்கட்டளைக்கு வரும் மனுக்களைப் படித்துக் குழுவின் முன் வைப்பவன். நமக்கு உதவி செய்யும் மருத்துவர்களிடம் கேட்டதையும், நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாக மாத்திரை வாங்க வேண்டாம், தாமாக நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் போனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு இது உதவினால் போதும்.

நமக்கு வரும் மருத்துவ மனுக்களில் பக்கவாதம் சம்பந்தப்பட்டவை நிறைய. பிசியோதெரபிக்குப் பணம், சக்கர நாற்காலி, மாத மருந்துச் செலவு என்று கேட்டு வருகிறார்கள். மனுவோடு மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணைத்திருப்பார்கள். சிலவற்றில் காரணம் எழுதியிருக்கும்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு என்று. சிலவற்றில் "காரணம் கண்டறியப்படவில்லை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இந்த வகையை மருத்துவர்கள் கிரிப்டோஜெனிக் ஸ்ட்ரோக் என்கிறார்கள். நாம் காரணம் தெரியாத பக்கவாதம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு வரியை நம் வீடுகளில் மூன்று விதமாகப் படிக்கிறார்கள். "எல்லா டெஸ்டும் நார்மல், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று மாத்திரையை நிறுத்திவிடுவது ஒன்று. "டாக்டருக்கே தெரியவில்லை, அப்படியானால் இது வேறு ஏதோ" என்று கண்ணேறு, செய்வினை என்று போவது இன்னொன்று. "நசீபு, என்ன செய்ய" என்று உட்கார்ந்துவிடுவது மூன்றாவது. எந்த விதமாகப் படித்தாலும் அதன் பிறகு யாரும் மருத்துவமனைப் பக்கம் போவதில்லை. அந்த வரியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

பக்கவாதம் என்றால் என்ன?

மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால், அந்தப் பகுதி பார்த்துவந்த வேலை நின்றுபோகிறது. கை விழுகிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. ரத்தக்குழாய் அடைபட்டு வருவது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிந்து வருவது மற்றொன்று. பெரும்பாலானவை அடைப்பினால் வருபவைதான். அந்த அடைப்பு வகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு, வழக்கமான பரிசோதனைகள் முடிந்த பிறகும் காரணம் பிடிபடுவதில்லை. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி எழுதியிருந்தால், உலகத்தில் இல்லாத நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். எல்லா ஊரிலும், எல்லா மருத்துவமனையிலும் இதைப் பார்க்கிறார்கள்.

1993இல் அமெரிக்க மருத்துவர்கள் பக்கவாதத்தைக் காரணம் வாரியாகப் பிரித்து ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுவதும் அது பயன்படுகிறது. அதில் "காரணம் உறுதியாகவில்லை" என்ற பிரிவுக்குள் மூன்று நிலைகள் அடங்கும். ஒன்று, பரிசோதனைகள் இன்னும் முழுமையாகச் செய்யப்படவில்லை. இரண்டு, முழுமையாகச் செய்தும் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று, இரண்டு காரணங்கள் தென்படுகின்றன, எது என்று தீர்மானிக்க முடியவில்லை.

ஆகவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "டாக்டர், எங்கள் வாப்பாவுக்கு இந்த மூன்றில் எது? இன்னும் பார்க்க வேண்டிய டெஸ்ட் பாக்கி இருக்கிறதா?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பரபரப்பான மருத்துவமனையில், கட்டில் காலியாக வேண்டும் என்ற அவசரத்தில், சில பரிசோதனைகளைப் பிறகு வந்து செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தப் "பிறகு" நம் வீடுகளில் பெரும்பாலும் வருவதே இல்லை.

ஒளிந்திருக்கும் காரணங்கள்

காரணம் தெரியவில்லை என்றால் காரணமே இல்லை என்று ஆகாது. அது எங்கெங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்று பார்ப்போம்.

முதலாவது இதயத் துடிப்பு. நம் இதயம் ஒரே சீராகத் துடிக்க வேண்டும். சிலருக்கு மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே படபடக்கும். இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அப்போது ரத்தம் அங்கே தேங்கி, தயிர் போல உறைந்து, ஒரு சிறு கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிடும். இந்தக் கோளாறு உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவரைப் போல ஐந்து மடங்கு. சிக்கல் என்னவென்றால், பலருக்கு இது எப்போதாவது வந்து சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ போய்விடும். ஈ.சி.ஜி. எடுக்கும் அந்தப் பத்து வினாடியில் இதயம் சமர்த்தாகத் துடித்தால் ரிப்போர்ட் நார்மல்தான்.

இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. காரணம் தெரியாத பக்கவாதம் வந்த, 40 வயதும் அதற்கு மேலும் ஆன 441 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு நெஞ்சின் தோலுக்கு அடியில் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவியை வைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான முறையில் பார்த்தார்கள். மூன்று வருடங்களில், கருவி வைத்தவர்களில் 100க்கு 30 பேரிடம் இந்தத் துடிப்புக் கோளாறு பிடிபட்டது. வழக்கமான முறையில் பார்த்தவர்களில் 100க்கு 3 பேரிடம் மட்டுமே பிடிபட்டது. கோளாறு வந்தபோது பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. தேடிய காலம் நீண்டபோது காரணமும் கிடைத்தது.

எல்லோருக்கும் அந்தக் கருவி தேவைப்படாது, விலையும் அதிகம். 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் இருக்கிறது, ஒன்று அல்லது இரண்டு வாரம் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் இருக்கிறது. யாருக்கு எது என்று இதய மருத்துவர் சொல்வார். வெளிநாட்டிலிருந்து வரும் தம்பிமார்கள் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் "துடிப்பு சீராக இல்லை" என்று காட்டினால், அதை அழித்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, பி.எஃப்.ஓ. எனப்படும் சிறு துவாரம். தாயின் கர்ப்பத்தில் குழந்தையின் நுரையீரல் வேலை செய்யாது. அதனால் இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவே ரத்தம் கடக்க ஒரு வழியை அல்லாஹ் வைத்திருக்கிறான். பிறந்த பிறகு பெரும்பாலோருக்கு அது மூடிவிடும். நான்கில் ஒருவருக்கு முழுதாக மூடாமல் இருந்துவிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் அதனால் ஒரு தொந்தரவும் வராது. சிலருக்குக் காலில் உண்டான ரத்தக்கட்டி அந்த வழியாகக் கடந்து மூளைக்குப் போய்விடும். வழக்கமான எக்கோவில் இது தெரியாமல் போகலாம். கையில் நுண்குமிழ்கள் கலந்த உப்புநீரை ஊசியால் ஏற்றிப் பார்க்கும் எக்கோவில் தெரியும்.

60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, வேறு காரணம் எதுவும் இல்லாதபோது, இந்தத் துவாரத்தை மூடினால் மறுபடி பக்கவாதம் வருவது குறைகிறது என்று 2017இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நெஞ்சைப் பிளக்காமல், தொடை வழியாகக் குழாய் செலுத்தியே மூடுகிறார்கள். யாருக்கு மூட வேண்டும், யாருக்குத் தேவையில்லை என்பதை நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். "இதயத்தில் ஓட்டை" என்ற பேச்சைக் கேட்டுச் சம்பந்தம் பேசவந்தவர்கள் எழுந்துபோன கதை நம் ஊரிலும் உண்டு. இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் நான்கில் ஒருவருக்கு அது இருக்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது கழுத்து. இளவயதில் வரும் பக்கவாதத்துக்கு, கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது ஒரு முக்கியமான காரணம். விபத்தில் நேரலாம், கழுத்தைச் சட்டென்று திருகினாலும் நேரலாம். சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் முறித்துச் சொடக்கு எடுக்கும் பழக்கத்தை இளைஞர்கள் விட்டுவிடுங்கள். கழுத்திலோ பின்தலையிலோ புதிதாக வலி கண்டு, கூடவே தலைசுற்றலோ பார்வை இரட்டையாகத் தெரிவதோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

நான்காவது, ரத்தமே உறையும் தன்மை கூடிப்போவது. சில பெண்களுக்கு அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆகும். அதே ரத்தக் கோளாறு பக்கவாதத்துக்கும் காரணமாகலாம். ஆகவே மருத்துவர் கேட்கும்போது வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அந்தக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருக்கக்கூடும்.

பிரசவித்த பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடியிருக்கும். அந்த நேரத்தில் மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் ரத்தம் உறைந்து ஒருவகைப் பக்கவாதம் வரலாம். உடம்பில் நீர் வற்றினால் அபாயம் இன்னும் கூடும். ஆனால் நம் வீடுகளில் "பிள்ளை பெற்ற உடம்பு, வயிறு போட்டுவிடும்" என்று தண்ணீரை அளந்து கொடுக்கிறோம். தாய்மார்களே, ராத்தாமார்களே, தயவுசெய்து அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள், அவள் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். பிரசவித்தவளுக்கு விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, மங்கலான பார்வை எது வந்தாலும், ஓதிப் பார்க்க ஆள் அனுப்பும் அதே நேரத்தில் வண்டியையும் வரச்சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

ஒரு குடும்பத்துக்கு நடந்தது

அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். 41 வயது சகோதரர், வளைகுடாவில் கடை வேலை. விடுமுறையில் வந்திருந்தபோது ஒருநாள் வலது கை தளர்ந்து பேச்சு குழறியது. பத்து நாளில் நன்றாகிவிட்டார். ஸ்கேன், ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தார்கள், காரணம் கிடைக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வந்து இதயத் துடிப்பை நீண்ட நேரம் பதிவு செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். விசா முடியப் போகிறது என்று அவர் போய்விட்டார். அங்கே போய்ச் சில மாதத்தில் மாத்திரையும் நின்றது. ஏழாவது மாதம் மறுபடி வந்தது. இந்த முறை பேச்சு போய்விட்டது. அந்த ஊர் மருத்துவமனையில் படுக்கையிலேயே தொடர்ந்து பார்த்தபோதுதான் விட்டு விட்டு வரும் துடிப்புக் கோளாறு தெரிந்தது. முதல் தடவையே தெரிந்திருந்தால் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைத் தொடங்கியிருப்பார்கள். அவர் மனைவி கொண்டுவந்த மனுவில் இருந்தது மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. விசாவும் சம்பளமும் கையைப் பிடித்து இழுக்கும்போது நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்போம். அந்த ஒரு மாதத்தில் அவருக்கு ஞாபகப்படுத்தவும், கூடப் போகவும், செலவைத் தாங்கவும் ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஜமாஅத்துக்கு வேலை இருக்கிறது.

தேடியும் கிடைக்கவில்லை என்றால்?

எல்லாம் செய்தும் கிடைக்காத சிலரும் இருப்பார்கள். அவர்களுக்கும் சிகிச்சை உண்டு. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, பீடி சிகரெட்டை விடுவது, தினமும் நடப்பது. சாதாரணமாகத் தெரியும் இவைதான் இரண்டாவது தாக்குதலைத் தடுப்பவை.

"இன்னும் வலுவான மருந்து கொடுங்கள்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018இல் ஒன்று, 2019இல் ஒன்று என இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. முதலாவதில் மட்டும் 7,200 பேருக்கு மேல். காரணம் உறுதியாகாத நிலையில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வலுவான மருந்துகளைக் கொடுத்தபோது, ஆஸ்பிரினைவிட அவை நன்றாகப் பாதுகாத்ததாகத் தெரியவில்லை. முதல் ஆய்வில் ரத்தக்கசிவுதான் கூடியது. துடிப்புக் கோளாறு உறுதியானவருக்கு அதே வகை மருந்து உயிர் காக்கும். காரணத்தைத் தேடுவது ஏன் இத்தனை முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும். பக்கத்து வீட்டுக் காக்கா சாப்பிடும் மாத்திரை உங்களுக்கு ஆகாமல் போகலாம்.

நம் சமுதாயத்துக்கு என்று மூன்று விஷயங்கள். ஹிஜாமா செய்துகொள்ள விரும்புகிறவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். செய்பவரிடமும் மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். ரமளான் வருவதற்கு முன்பே, ஷஅபானிலேயே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. அதில் சந்தேகம் இருந்தால் நம் ஹஜ்ரத்தைக் கேளுங்கள். மூன்றாவது, ஒரு வீட்டில் வாதம் விழுந்தால் "மருமகள் வந்த நேரம்" என்று பேசுவது. ஒரு ரத்தக்கட்டிக்கு ஒரு பெண்பிள்ளையைப் பழி சொல்வது பாவம். துஆ செய்வோம், ஓதுவோம். மருத்துவமும் செய்வோம். நோய்க்கு மருந்து தேடுவது நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழிதான்.

முதல் ஒரு மணி நேரம்

காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே. முகம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று விழுகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே போங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் கட்டியைக் குழாய் வழியாக எடுக்க முடிகிறது. ஆனாலும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தூக்கத்தில் வந்து, ஃபஜ்ருக்கு எழுப்பும்போது தெரிய வந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீரோ பாலோ புகட்ட வேண்டாம், புரையேறிவிடும். ஸ்கேன் பார்க்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம், ரத்தக்கசிவாக இருந்தால் அது கெடுதல். வாட்ஸ்அப்பில் வருவதுபோல் விரல் நுனியில் ஊசியால் குத்த வேண்டாம், அதில் நேரம்தான் போகும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது என்றாலும் அன்றைக்கே போங்கள். வந்து போன அந்த எச்சரிக்கைக்குப் பிறகு வரும் முதல் சில நாட்களில்தான் பெரிய தாக்குதலுக்கு அபாயம் அதிகம்.

அறக்கட்டளை செய்யப்போவது

குழு நான்கு முடிவுகள் எடுத்திருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு மருத்துவர் எழுதித் தரும் தொடர் பரிசோதனைகளுக்கும் இனி மனு கொடுக்கலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்குப் பொது நிதியிலிருந்தும் உதவுவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பிக்க உதவுவோம். அரசு மருத்துவமனைக்குக் கூட வர ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் எனத் தன்னார்வலர்களை ஏற்பாடு செய்கிறோம். ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் ரத்த அழுத்தம் பார்க்கப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. வீட்டுக்குப் போனதும் பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு கோப்பில் தேதி வாரியாக அடுக்குங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி அதன் மேலே வையுங்கள். "காரணம் தெரியவில்லை" என்ற வரி அதில் இருந்தால் அந்தக் கோப்போடு அலுவலகத்துக்கு வாருங்கள். மேற்கொண்டு யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று சேர்ந்து யோசிப்போம்.

படுக்கையில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. அவர்களைத் தூக்கி வைத்து, துடைத்து விட்டு, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்ளும் உம்மாமார்களுக்கும் மனைவிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் நற்கூலியைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.